திருட்டுப் போனது தார்ப்பாய் மட்டும்

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களின் தவறான எண்ணங்கள் பத்தை எழுதிக் கொடுங்கள் என்று பிரவீன் கேட்டபோது, இவர் ஏன் என்னிடம் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரவீன் நல்லவர். கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் ஸ்டார்ட்அப் மையத்துக்கு இப்போது அவர்தான் மேலாளர். நான் அதே மையத்தில் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்து, கண் பார்வை மங்கியதும் விலகிக்கொண்டவன். மையத்தின் ஆண்டு மலருக்குப் பழைய ஆட்களிடம் கட்டுரை வாங்குவது வழக்கம். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பட்டேன். யாரும் எதையும் சும்மா கேட்பதில்லை என்பது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்ற பாடம்.

"பாயின்ட் பாயின்ட்டா குடுத்துடுங்க சார். ஒரு பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டுடறேன்" என்றார் பிரவீன்.

உட்கார்ந்து முதல் பாயின்ட்டை எழுதினேன். 'என் யோசனையை யாராவது திருடிவிடுவார்கள் என்று நினைப்பது.' எழுதிவிட்டு இரண்டாவதுக்குப் போக முடியவில்லை. இளைஞர்கள் இந்த எண்ணத்தோடு மையத்துக்கு வரவில்லை. வந்த பிறகு நான் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே இது கட்டத்துக்குள் அடங்காது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். பொறியியல் முடித்ததும் ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்ணெய் நாற்றம், இரும்புத் தூள், ஷிப்ட். பிறகு வெளிப் பட்டறைகளுக்கு வேலை கொடுத்து வாங்கும் பிரிவில் போட்டார்கள். அங்கே மேலதிகாரி வரதராஜன். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். எதிரில் இருப்பவன் அந்தச் சத்தத்திலேயே உளறிவிடுவான். அவர் எனக்குச் சொன்னவற்றில் இரண்டை மறக்கவில்லை. ஒன்று: "ஒரே கேள்விய ரெண்டாவது தடவ கேக்கறவன் யாருக்காகக் கேக்கறான்னு பாருய்யா." இன்னொன்று: "குத்தம் என்னன்னு சொல்லிடாத. சொன்னா பதில் தயார் பண்ணிடுவான்."

ஒருமுறை எங்கள் வரைபடம் ஒன்று போட்டிக் கம்பெனிக்குக் கசிந்தது. சில பட்டறைகள்மேல் சந்தேகம். வரதராஜன் எல்லாருக்கும் ஒரே பாகத்தின் வரைபடத்தைக் கொடுக்கச் சொன்னார், ஒவ்வொன்றிலும் ஒரு துளையின் இடத்தை மயிரிழை மாற்றி. பிறகு காத்திருந்தோம். போட்டிக் கம்பெனியின் பாகம் வெளியே வந்ததும் துளையை அளந்தோம். யாருடைய துளை என்று தெரிந்தது. அந்தப் பட்டறைக்காரர் மறுநாள் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. இந்த வேலையை முடித்துக் கொடுத்தவன் நான். பதவி உயர்வும் கிடைத்தது. அதன்பிறகு எந்தப் பூட்டைப் பார்த்தாலும் சாவி யாரிடம் என்றுதான் என் மனம் கேட்கும். ஓய்வு பெற்றபின் இந்த மனத்தோடுதான் ஸ்டார்ட்அப் மையத்துக்குப் போனேன்.

மையத்தின் தலைவர் அப்போது ஸ்டெல்லா மேடம். செய்யூர்ப் பக்கத்துக்காரர். தன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கியவர்கள் என்பதைச் சாதாரணமாகச் சொல்வார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஊரிலிருந்து அவித்த வேர்க்கடலையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துவருவார். உட்கார மாட்டார். மேசையோரம் நின்று உரித்துக்கொண்டே கேட்பார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு குழுவும் எழுந்து, தங்கள் பொருளை வேண்டாம் என்று சொன்ன ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஊர், என்ன வேலை, என்ன காரணம் சொன்னார். காரணம் அவர் வாயிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். நம்முடைய இங்கிலீஷுக்கு மாற்றக் கூடாது. உண்மையான மறுப்பு ஒன்று வந்தால் மேடம் பொட்டலத்தை அந்தக் குழுவின் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான் பாராட்டு. "எல்லாருக்கும் புடிச்சிருக்கு மேடம்" என்று யாராவது சொன்னால் பொட்டலத்தின் வாயை மடித்துவிடுவார்.

"நல்லாயிருக்குன்னு சொல்றது வூட்டுக்கு வந்தவனுக்குக் குடுக்கற தண்ணி மாதிரி. யாரு வந்தாலும் குடுப்பாங்க. வேணாம்னு சொல்றதுக்குத்தான் ஒருத்தன் யோசிக்கணும். அந்த யோசனைய வாங்கிக்கினு வா" என்பார்.

எனக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. ஒரு குழுவின் விஷயம் மற்றக் குழுக்களின் காதில் விழுகிறதே என்பதுதான் என் கவலை. மேடத்தை எதிர்க்கவில்லை. என்னிடம் ஒப்படைத்த குழுவுக்கு மட்டும் தனியாக வழி சொன்னேன். 'விலை அதிகம் என்றார்கள்' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அதிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் குழுவில் இருவர். விக்னேஷ், கூடுவாஞ்சேரிப் பையன், மின்னணுவியல் படித்தவன். சுகந்தி, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள், இயந்திரவியல். அம்மா மீன் விற்பவர். இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தது படகைக் கரையேற்றும் ஒரு இயந்திரம். கடலிலிருந்து வரும் ஃபைபர் படகை மணல்மேல் ஏற்றுவதற்குப் பத்துப் பேர் தள்ள வேண்டும். சில குப்பங்களில் டிராக்டர் வந்துவிட்டது. சுகந்தியின் குப்பத்தில் புயல் நாளுக்கு மட்டும் டிராக்டர், மற்ற நாளெல்லாம் சவுக்குக் கட்டையைக் கீழே போட்டு ஆட்கள்தான் தள்ளினார்கள். பேட்டரியில் ஓடும் இழுவை மோட்டார் ஒன்று இருந்தால் ஒரே ஆள் ஏற்றிவிடலாம் என்பது விக்னேஷின் யோசனை. மோட்டாரைப் பிடித்து நிறுத்த மணலில் ஒன்று வேண்டுமே? அதைச் செய்தவள் சுகந்தி. இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக மணலுக்குள் இறங்கும் ஓர் இரும்புத் தகட்டு நங்கூரம். அதை முதலில் பார்த்தபோது, வரதராஜன் இருந்தால் இதற்குக் காவல் போடுவார் என்று நினைத்தேன்.

காவல் போட்டேன். பட்டறையில் இயந்திரத்துக்கு நீலத் தார்ப்பாய் வாங்கி மூடி, சங்கிலி சுற்றிப் பூட்டினேன். உள்ளே வருபவர் செல்போனை வெளியே வைக்க வேண்டும். வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்றேன். விக்னேஷ் தலையாட்டினான். சுகந்தி சிரித்தாள்.

"எங்க வூட்ல சொல்லாம எப்படி சார்? நாளைக்கு அவங்கதான வாங்கணும்?"

"வாங்கும்போது சொல்லிக்கலாம்."

ஒரு திங்கட்கிழமை எங்கள் முறை வந்தது. விக்னேஷ் வழக்கம்போல விலை அதிகம் என்று தொடங்கினான். மேடம் பொட்டலத்தை மடிக்கப் போனார். சுகந்தி எழுந்துவிட்டாள்.

"மேடம், நெஜமாவே ஒருத்தங்க வேணாம்னாங்க. எங்கம்மா."

மேடத்தின் கை நின்றது. "இன்னா சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"மிஷின் வந்தா கை வெக்கறவங்க..."

"சுகந்தி, அது உங்க வீட்டு விஷயம். இங்க வேணாம்" என்று நான் குறுக்கிட்டேன். அறையில் வேறு குழுக்கள் இருந்தன. இன்னும் ஒரு வார்த்தை போனால் என்ன இயந்திரம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். மேடம் எங்கள் பக்கம் பாதி நகர்த்திய பொட்டலம் மேசை நடுவிலேயே நின்றது. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

சில நாட்கள் கழித்து மையத்தின் வாசலுக்கு ஒருவர் வந்தார். கடலூர்ப் பக்கம் படகு கட்டுபவராம். "படகு இழுக்கற மிஷினு ஒண்ணு பண்றாங்களாமே, இங்கதானா?" என்று காவலாளியிடம் விசாரித்திருக்கிறார். காவலாளி தெரியாது என்று அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளே பேனா மூடியின் சத்தம் கேட்டது. யார் சொன்னது?

விக்னேஷ்மேல் ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். கிடைக்கும் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பேச்சு என் வீட்டுப் பேச்சு போல இருந்தது. அவன் அப்பாவும் என்னைப் போல அலுவலகம் போனவர். அவ்வளவுதான்.

பழைய வித்தையை எடுத்தேன். சுகந்தியிடம் மட்டும் ஒன்று சொன்னேன்: வரும் சனிக்கிழமை காலை முட்டுக்காட்டில், படகுத் துறைப் பக்கம் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கப் போகிறோம், நீ வர வேண்டாம், பட்டறையில் இருந்து மாற்றுப் பேட்டரியைத் தயாராக வை. அப்படி ஒரு திட்டமே இல்லை. சனிக்கிழமை நான் மட்டும் பேருந்து ஏறி முட்டுக்காடு போனேன். அங்கே யாராவது வந்து நின்றால் கசிந்த இடம் தெரிந்துவிடும்.

நின்றார்கள். ஒரு ஷேர் ஆட்டோ கொள்ளும் அளவுக்கு ஆட்கள். லுங்கியும் சட்டையுமாகச் சில ஆண்கள், ஒரு வயதான அம்மா, மர நிழலில் முறுக்கு தின்றபடி. சுற்றுலா வந்தவர்கள் போல இல்லை; தண்ணீரைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா எழுந்து வந்தார்.

"சார், நீங்கதான மிஷின் சாரு? சுகந்தி சொல்லிச்சு, கண்ணாடி போட்டுகினு பை ஒண்ணு மாட்டிகினு வருவாருன்னு. நா அதோட அம்மா."

"எந்த மிஷின்?" என்றேன்.

"படகு இழுக்கற மிஷினு. இன்னிக்கு ஓட்டிப் பாக்கறீங்கன்னு பொழப்ப வுட்டுட்டு வந்துகீறோம்."

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். தேசிங்கு, படகு வைத்திருப்பவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "உப்பங்கழியில எவன் நைனா படகு இழுப்பான்? இங்க மணலு எங்க கீது? அப்பவே சொன்னேன், இன்னாமோ டூப்புன்னு."

"நீ சும்மா இரு அண்ணாத்த. சார், நா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான்..."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் போட்டிங் வந்தேன்" என்றேன்.

சொன்ன பிறகு அதை நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. சீட்டு வாங்கி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு குடும்பத்தோடு மோட்டார் படகில் ஏறினேன். குழந்தைகள் கத்தின. படகு உப்பங்கழியைச் சுற்றி வந்தது. கரையில் அவர்கள் வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று வெட்கம் வரவில்லை. பிடித்துவிட்டேன் என்ற திருப்திதான் வந்தது.

இப்போது புதுத் தொழில் தொடங்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தன் வேலையை விட்டு, வண்டி ஏறி, நம் பொருளைப் பார்க்க ஒரு கூட்டம் வந்து நின்றால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. விளம்பரம் கொடுத்தும் வராத கூட்டம் அது. நான் அவர்களைத் திருட்டின் சாட்சிகளாகப் பார்த்தேன்.

மறுவாரம் விக்னேஷிடம் பேசினேன். கம்பெனியை அப்போதுதான் பதிவு செய்ய இருந்தார்கள். அவள் பெயர் இல்லாமல் பதிவு செய் என்றேன். முட்டுக்காட்டைப் பற்றி வாய் திறக்காமல், எதிர்த்துப் பேசும் பங்காளி கம்பெனிக்கு ஆபத்து, ஆரம்பத்திலேயே வெட்டிவிட வேண்டும் என்றேன். அவன் இரண்டு நாள் தயங்கினான். பிறகு சரி என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் என்னை நம்பினான்.

சுகந்தியிடம் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"எம்மேல இன்னா தப்புன்னு சொல்லுங்க சார்."

"உனக்கே தெரியும்."

"தெரியல சார். தெரிஞ்சா கேப்பனா?"

அவள் இரண்டாவது முறை கேட்டாள். நான் வரதராஜனின் மாணவன். பதில் சொல்லவில்லை. அவள் தன் அளவுகோல்களைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். நங்கூரம் எங்களிடம் இருந்தது.

ஸ்டெல்லா மேடம் கேட்டார். "அந்தப் பொண்ணு ஏன் வரல?"

"வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்களாம் மேடம். கல்யாணம்."

"அந்தப் பொண்ணே சொன்னாளா?"

"ஆமாம் மேடம்."

அதைவிடச் சுலபமாக நம்பப்படும் பொய் நம் ஊரில் இல்லை. ஒரு பெண் பிள்ளை வேலையைப் பாதியில் விட்டால் இந்தக் காரணத்தைச் சொன்னால் போதும். அதற்குமேல் எவரும் தோண்டுவதில்லை. மேடம் கடலைப் பொட்டலத்தின் வாயை மடித்தார். அவர் மட்டும் முழுதாக நம்பவில்லை என்று தோன்றியது. ஆனால் அந்தக் காரணம் மையத்தில் எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது.

இயந்திரம் தயாரானதும் அதே குப்பத்துக்குத்தான் கொண்டுபோனோம். கடற்கரையில் நிறுத்த அனுமதி அங்கே மட்டும் கிடைத்திருந்தது. அதை முன்பே பேசி வாங்கித் தந்தவள் சுகந்தி. அவள் அதற்குள் மறைமலைநகரில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுபவளாக ஆகியிருந்தாள். அந்தத் துணிச்சலில்தான் போனோம்.

தேசிங்கு என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், போட்டிங் எல்லாம் நல்லா இருந்துச்சா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்: இயந்திரம் அருமையாக வேலை செய்தது. தேசிங்கின் படகை எஞ்சினோடும் வலையோடும் ஒரே பட்டனில் மேடு வரை இழுத்துவந்தது. நங்கூரம் அசையவில்லை. கைதட்டினார்கள். "சூப்பரா கீது சார்" என்றார்கள். விக்னேஷ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பொருள் நன்றாக இருந்தால் ஆட்கள் தானாக வருவார்கள் என்று நானும் அவனும் நம்பியிருந்தோம்.

ஒருவரும் வரவில்லை. இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடி, சங்கிலியைப் பூட்டாமல் சுற்றி அங்கேயே விட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றோம். அப்போதும் அதன் பக்கத்திலேயே படகைத் தள்ளினார்கள். யாரோ அவர்கள் மனத்தைக் கலைத்துவிடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. யார் என்றும் தெரியும் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க விடியற்காலைகளில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவரைப் பிடித்தேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் கிழவர். ஒவ்வொரு படகு வரும்போதும் ஓடிப்போய் ஓரத்தில் கை வைப்பார். எல்லாரும் 'ஏலேலோ' போட்டுத் தள்ளுவார்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவனையும் செய்வதுபோல நடிப்பவனையும் பிரித்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. கிழவரின் கையில் துளி வலு இல்லை. படகோடு சும்மா நடந்து வந்தார். படகு நின்றதும் கையில் இருந்த பாலித்தீன் பையை நீட்டினார். தேசிங்கு அதில் ஒரு கை மீன் போட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். அவர்களும் தள்ளவில்லை. அவர்களுக்கும் மீன்.

தேசிங்கிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பெரியவர் தள்ளவே இல்லை. உங்களை ஏமாத்தறார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

தேசிங்கு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும் சார். கால்ல அடிபட்டதுலேந்து அவரு தள்றதில்ல."

"அப்புறம் ஏன் குடுக்கறீங்க?"

"கை வெச்சாருல்ல?"

நான் புரியாமல் நின்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போல.

"சார், கடலுக்குப் போற ஆளு இருக்கற வூட்டுக்கு மீனு தானா வந்துடும். புருசன் செத்தவ, கால் போனவரு, புள்ள இல்லாதவங்க இன்னா பண்ணுவாங்க? போயி சும்மா கேட்டா அது பிச்ச. படகுல கை வெச்சா அது கூலி. கொழம்புக்கு ஆச்சு, மானமும் போவல. உங்க மிஷின வெச்சா அவங்க எங்க கை வெப்பாங்க? மிஷின் மேலயா?"

"இதை முன்னாடியே ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

திரும்பி இயந்திரத்தின் அருகே வந்தேன். அது திறந்து கிடந்தது. தார்ப்பாயைக் காணோம். சங்கிலியைக் கழற்றி ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தார்கள். பேட்டரி இருந்தது. மோட்டார் இருந்தது. ஒரு மரை கூடக் குறையவில்லை. கொஞ்ச தூரத்தில் மணலில் என் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காக்கை விரட்டிக்கொண்டிருந்தவர் சுகந்தியின் அம்மா.

"உன்னுதா சார்? சும்மா மூடி வெச்சிருந்துச்சு. அந்த மிஷின எவன் எடுக்கப் போறான்? மீனு காஞ்சதும் எடுத்துக்கோ."

"நீங்க அன்னைக்கு முட்டுக்காட்டுல..."

"இதான் சொல்ல வந்தேன். நீ படகு ஏறிப் பூட்ட."

தார்ப்பாயை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். கம்பெனி அதன்பின் நிற்கவில்லை. விக்னேஷ் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டான். மோட்டாரை உப்புக்காற்று தின்றது. புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் படகுகளைக் கட்டிவைக்க அந்த நங்கூரத்தை மட்டும் குப்பத்துக்காரர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி.

இவ்வளவுதான் என்றால் நான் பத்து பாயின்ட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இந்த ஆண்டு புதிய குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலுக்குப் பழைய ஆலோசகன் என்று என்னையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார் பிரவீன். கதவைத் திறந்துகொண்டு சுகந்தி வந்தாள். கையில் ஒரு நீல நிறப் பெட்டி. மீன் விற்கும் பெண்கள் பேருந்தில் எடுத்துப்போகும் பெட்டி; ஐஸ் உருகினாலும் ஒரு சொட்டுக் கீழே விழாது, வாடை வராது, இருக்கைக்கு அடியில் சரியாக நுழையும். அவளே வார்த்தது. தொடங்கியதும் வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றித்தான் சொன்னாள். மாமல்லபுரம்-செங்கல்பட்டு பேருந்து நடத்துநர் ஒருவர்: "தண்ணி சொட்டுதும்மா, எறங்கு." அவள் அம்மா: "மூடி தொறக்க ரெண்டு கை வேணும், தலைல கூடை இருந்தா எப்படித் தொறப்பேன்?" மூடியை மாற்றியிருந்தாள். ஸ்டெல்லா மேடம் இருந்திருந்தால் பொட்டலம் முழுவதும் அவள் பக்கம் போயிருக்கும்.

தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார். "போன தடவை கல்யாணம்னு பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க இல்ல?"

"யாருக்கு சார் கல்யாணம்?"

"உங்களுக்குத்தாம்மா."

"எனக்கே சொல்லாம பண்ணிட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. குடும்பச் சூழ்நிலை யாருக்கும் வரலாம், ஆனால் பாதியில் நிற்காத ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்று இனிமையாகச் சொன்னார். அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். நானாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அந்தக் கல்யாணக் கதைய யாரு சார் சொன்னது?"

"நான்."

பெட்டியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

முட்டுக்காட்டைச் சொன்னேன். பொறி வைத்ததை, அவர்கள் வந்து நின்றதை, நான் முடிவு கட்டியதை. அவளுக்கு அதுவரை எதற்காக விலக்கப்பட்டோம் என்றே தெரியாது.

"அதுக்கா?" என்றாள். "ஆட்டோ வெச்சு அவங்கள அனுப்புனதே நான்தான் சார். நான் சொன்னா நீங்க வாய அடைக்கறீங்க. அவங்களே மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னா கேப்பீங்கன்னு அனுப்புனேன். கடலூர் ஆளுகிட்ட சொன்னதும் நான்தான். அவரு ஊர்ல டிராக்டருக்கு வாடகை குடுத்து மாளல. அங்க வித்திருக்கலாம்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"விக்கப் போற பொருள யாருக்கும் சொல்லாம எப்படி சார் விக்கறது?"

ஆக என் சந்தேகம் சரிதான். வெளியே சொன்னவள் அவள்தான். அகப்பட்ட எல்லாரிடமும் சொன்னாள். எங்கள் கம்பெனியில் வேலை செய்தவள் அவள் ஒருத்திதான் என்பதை நான் ஒரு குற்றமாகக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மன்னித்துக்கொள் என்றேன்.

"மன்னிப்ப வெச்சுகினு நான் இன்னா சார் பண்றது? உள்ள போயி அவங்ககிட்ட சொல்லுங்க."

பேருந்து வந்தது. நடத்துநர் பெட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா, மீனா?"

"காலி டப்பாண்ணா. வேணும்னா மோந்து பாரு" என்று ஏறிப் போனாள்.

அன்று நான் உள்ளே போகவில்லை. மறுநாள் பிரவீனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "விடுங்க சார், பழைய கதை. குழுவுல பெரியவங்க எல்லாம் இருக்காங்க, இப்பப் போயி இதைக் கிளறினா நல்லாவா இருக்கும்? அடுத்த சுத்துல பாத்துக்கலாம்." பிறகு, பேச்சை மாற்றுவதுபோல, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்களேன், பத்து பாயின்ட் என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். சுகந்திக்கு அப்போது யாரும் கல்யாணம் பார்க்கவில்லை. அவள் எதையும் பாதியில் விட்டுப் போகவில்லை. அவள் செய்த நங்கூரத்தை வைத்துக்கொண்டு அவளை வெளியே அனுப்பியவன் நான். கேட்டவரிடம் பொய் சொன்னவனும் நான். அடுத்த சுற்றுக்கு உட்காரப்போகும் குழுவினர் அவளிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டாம். கேட்பதாக இருந்தால் என்னைக் கேட்கட்டும்.

கட்டுரை நீளம் என்று சொல்லி இந்தப் பகுதியைப் பிரவீன் வெட்டிவிடுவாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பழக்கம் போகவில்லை. ஆகவே மலருக்கு அனுப்பும் முன்பே சுகந்திக்கு ஒரு பிரதியை அனுப்பிவிட்டேன். அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.